ஒரே சம்பளத்தில் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கொஞ்ச நாளாக எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே வருகின்றன. வேலை கிடைத்துவிட்டது, மனைவி, பிள்ளைகளோடு வரலாமா, கையில் எவ்வளவு இருக்க வேண்டும். ஒத்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தொகை எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில் (டாலர்). நீங்களும் வெள்ளியிலேயே கணக்குப் போடுங்கள், ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் சம்பளம் மட்டும்தான் பெரிதாகத் தெரியும், செலவு கண்ணில் படாது.

மாதம் 6,500 வெள்ளி சம்பளம், மனைவி வேலைக்குப் போகவில்லை, 5 வயதிலும் 2 வயதிலும் இரண்டு பிள்ளைகள். போதுமா? (கோயம்புத்தூர் வாசகர்)

முதலில் அனுமதி. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் டிபி (குடும்பத்தினருக்கான தங்கும் அனுமதி) கேட்க உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். போனஸும் ஓவர்டைமும் இந்தக் கணக்கில் வராது, அதனால் வேலைக் கடிதத்தில் அடிப்படைச் சம்பளமும் நிலையான படிகளும் எவ்வளவு என்று வரி வரியாகப் பாருங்கள். உங்களுக்கு 6,500 முழுவதும் நிலையானது என்றால் அந்தத் தடையைத் தாண்டிவிட்டீர்கள். டிபிக்கு ஓர் ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் 105, அனுமதி வழங்க 225 வெள்ளி. இதைக் கம்பெனி கட்டுமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்போது மாதச் செலவு. வீவக (அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மூவறை வீடு, நகரத்தின் நடுவில் இல்லாமல் ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கம் என்றால் 2,800 வெள்ளி என்று வைப்போம். (ஊரிலிருந்து வருகிறவர்கள் இதில் ஏமாறுகிறார்கள்: இங்கே மூவறை வீடு என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு ஹாலும்தான்.) மின்சாரம், தண்ணீர், எரிவாயு 200. ஃபோன், இணையம் 100. வீட்டில் சமைத்து, வாரம் ஒரு நாள் உணவங்காடியில் சாப்பிட்டால் நான்கு பேருக்கு 1,000. எம்ஆர்டி (மெட்ரோ ரயில்), பேருந்து 200. பெரிய பிள்ளைக்குப் பாலர் பள்ளி 800. உங்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு மானியம் கிடையாது, அது குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான். மருத்துவத்துக்கு 150, வரிக்கு 200 தனியாக எடுத்து வையுங்கள். மொத்தம் 5,450. மீதி 1,050.

அந்த 1,050-ல்தான் ஊருக்கு அனுப்புவது, வருடத்துக்கு ஒரு முறை நான்கு பேருக்கு விமான டிக்கெட், துணிமணி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆகும் செலவு எல்லாம். அதனால் என் பதில்: வாழலாம், ஆனால் முதல் வருடம் சேமிப்பு என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஊரில் கடன் இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். கம்பெனி மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கும் உண்டா என்பதையும் கேளுங்கள். பல கம்பெனிகளில் ஊழியருக்கு மட்டும்தான். அரசாங்க மருத்துவமனையிலும் பலதுறை மருந்தகத்திலும் (பாலிகிளினிக்) நமக்கு மானியம் இல்லாத கட்டணம் என்பதால் இதில் அலட்சியம் வேண்டாம்.

எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவதா, நான் முதலில் போவதா? அம்மா ஒன்றாகத்தான் போக வேண்டும் என்கிறார். (தஞ்சாவூர்)

அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நீங்கள் முதலில் வாருங்கள், இரண்டு மூன்று மாதம் கழித்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொது அறை (தனிக் குளியலறை இல்லாத வாடகை அறை) 1,000 வெள்ளி அளவில் கிடைக்கும். அந்த மாதங்களில் மிஞ்சுவதுதான் வீட்டின் முன்பணம்.

கணக்கைப் பாருங்கள். 2,800 வெள்ளி வாடகையில் ஒரு வருட ஒப்பந்தம் என்றால் வழக்கமாக ஒரு மாத முன்பணம், முதல் மாத வாடகை, இரண்டும் சேர்ந்து 5,600. மொத்த வாடகையில் 0.4 சதவீதம் முத்திரை வரி, அதாவது 33,600-க்கு 134 வெள்ளி. ஏஜெண்ட் கமிஷன் உண்டு என்றால் அது தனி. அப்புறம் டிக்கெட், மெத்தை, பாத்திரம், பாலர் பள்ளி முன்பணம். சம்பளமோ மாதக் கடைசியில்தான் வரும். நான்கு பேரும் ஒன்றாக இறங்கினால் கையில் 12,000 வெள்ளியாவது இல்லாமல் நிம்மதியாக இருக்க முடியாது. தனியாக வந்தால் 3,000 போதும். தவிர, பள்ளி எங்கே, ஆபீஸ் எங்கே என்று தெரிந்து வீடு பிடிப்பதும், படத்தைப் பார்த்துப் பிடிப்பதும் ஒன்றல்ல.

அக்கா, வீடு பார்த்துக் கொடுக்கும் ஏஜெண்ட் முன்பணத்தைத் தன் கணக்குக்கே அனுப்பச் சொல்கிறார், இன்றைக்குள் அனுப்பாவிட்டால் வீடு போய்விடுமாம். அனுப்பலாமா? (சென்னை, அடுத்த மாதம் வருகிறார்)

அனுப்பாதே தம்பி. வீவக வீட்டு வாடகையில் ஏஜெண்ட் பணத்தைக் கையாளவே சட்டப்படி அனுமதி இல்லை. முன்பணமும் வாடகையும் நேராக வீட்டு உரிமையாளருக்குத்தான் போக வேண்டும். ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேட்டு சிஇஏ (வீட்டு ஏஜெண்டுகளைக் கண்காணிக்கும் அரசாங்க அமைப்பு) பொதுப் பதிவேட்டில் தேடிப் பார். பெயரும் ஃபோன் எண்ணும் பொருந்தாவிட்டால் அதோடு பேச்சை நிறுத்திவிடு. வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்பக் கூடாது.

வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. உரிமையாளர் வீவகவின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல். வெளிநாட்டவருக்கு முழு வீட்டை வாடகைக்கு விட ஒவ்வொரு புளோக்குக்கும் ஒரு வரம்பு இருக்கிறது, அது நிரம்பியிருந்தால் உரிமையாளர் சரி என்றாலும் அனுமதி வராது. எல்லாம் பேசி முடித்த பிறகு இது தெரிய வந்தால் அலைச்சல்தான் மிச்சம்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் படிப்பது ஏர்கான் வரியை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாடகைக்கு இருப்பவர் சர்வீஸ் செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். நாங்கள் அங் மோ கியோவில் இருந்த முதல் வீட்டில், இரண்டு வருடமும் சொன்னபடி ஆள் கூப்பிட்டு சர்வீஸ் செய்தோம், ரசீதை வைக்கவில்லை. காலி செய்யும் நாளில் உரிமையாளர் நாற்காலி போட்டு ஏறி ஏர்கான் மூடியைத் திறந்து, வடிகட்டியில் விரலை வைத்து இழுத்து, கறுப்பாக ஒட்டியிருந்த தூசியை என் கணவரிடம் நீட்டினார். முன்பணத்தில் 600 வெள்ளி போயிற்று. இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதம், அந்த 600 எங்களுக்கு ஒரு மாதத்து மளிகையும் பாலும். அன்றிலிருந்து ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் அன்றைக்கே படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுகிறேன். வீட்டுக்குள் நுழையும் நாளிலும் அப்படித்தான்: சுவரில் இருக்கும் ஆணித்துளை, தரையில் இருக்கும் கீறல், குளியலறைக் கதவின் அடியில் ஊறிப்போன பலகை, எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றைக்கே அனுப்பி வை.

மிக்சி, கிரைண்டர், குக்கர் கொண்டு வரலாமா? (திருநெல்வேலி)

தாராளமாக. மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட்தான், ப்ளக் மட்டும் வேறு, சதுர மூன்று முனை. ப்ளக்கை மாற்றிக்கொண்டால் ஓடும். அரிசி, பருப்பைச் சுமக்காதீர்கள், பொன்னி அரிசியிலிருந்து முருங்கைக்காய் வரை தேக்காவில் (லிட்டில் இந்தியா பகுதி) எல்லாம் இருக்கிறது. அந்த எடையில் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை எடுத்து வாருங்கள்.

மகளுக்கு எட்டு வயது. அரசாங்கப் பள்ளியில் சேர்த்தால் செலவு குறையுமா? (திருச்சி)

குறையும், ஆனால் நினைத்த நேரத்தில் சேர்க்க முடியாது. இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. இரண்டாம் வகுப்பிலோ அதற்கு மேலோ சேரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஏஇஐஎஸ் என்கிற தேர்வின் வழியாக வர வேண்டும், ஆங்கிலமும் கணக்கும். முக்கியத் தேர்வு செப்டம்பர், அக்டோபரில் நடக்கும், தேறினால் அடுத்த ஜனவரியில் சேரலாம். தேறினாலும் இடம் இருக்கிற பள்ளியில்தான் போடுவார்கள். ஆறாம் வகுப்புக்கு இந்த வழி கிடையாது, அதனால் பத்து, பதினோரு வயதுப் பிள்ளையை வைத்திருக்கிறவர்கள் காலத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கட்டணத்திலும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அரசாங்கப் பள்ளி இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது குடிமக்களுக்கு. ஆசியான் நாடுகளைச் சேராத வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளியிலேயே மாதம் 800 வெள்ளிக்கு மேல், வருடா வருடம் ஏறவும் செய்கிறது. இந்தியப் பாடத்திட்ட அனைத்துலகப் பள்ளி அதைவிடக் கூடுதல், ஆனால் தேர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஊருக்குத் திரும்பினால் வகுப்பும் விட்டுப் போகாது. உங்கள் வீட்டுக்காரரின் வேலை ஒப்பந்தம் இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஏஇஐஎஸ் எழுதி, பாடத்திட்டம் மாற்றி, மறுபடியும் மாற்றுவது எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய பாரம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நடப்பு ஆண்டை ஊரிலேயே முடிக்கவிட்டு, பிறகு இந்தியப் பாடத்திட்டப் பள்ளியிலேயே சேர்ப்பேன். நீண்ட காலம் இருக்கப்போகிறோம் என்றால் அரசாங்கப் பள்ளிதான். தமிழைத் தாய்மொழிப் பாடமாகவே படிக்கலாம், அதற்காகவே நான் அதைச் சொல்வேன்.

இங்கே வந்த பிறகு நானும் வேலைக்குப் போனால் சமாளித்துவிடலாம்தானே? (சேலம் வாசகி)

அந்த வருமானத்தை இப்போதே கணக்கில் சேர்க்காதீர்கள். 2021 மே மாதத்திலிருந்து டிபியில் இருப்பவர் வேலை செய்ய, கம்பெனி அவர் பெயரில் தனி வேலை அனுமதி எடுக்க வேண்டும், சம்பளத் தகுதி உட்பட எல்லா நிபந்தனையும் பொருந்தும். கிடைக்கிறவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கும் கிடைக்கட்டும். கிடைக்கும் வரை இது ஒரு சம்பளக் குடும்பம்.

சம்பளத்தில் வரியே பிடிக்கவில்லை. வரி இல்லையா? (சிங்கப்பூர், வந்து நான்கு மாதம்)

உண்டு, மாதா மாதம் பிடிக்க மாட்டார்கள். இந்த வருட வருமானத்துக்கு அடுத்த வருடம் கணக்குக் கொடுத்து, பிறகு கட்ட வேண்டும். ஊரில் பிடித்தம் போகக் கைக்கு வந்ததைச் செலவு செய்து பழகிய நமக்கு இது பெரிய பொறி. இங்கே மத்திய சேம நிதிப் பிடித்தமும் (ஊரில் பிஎஃப் மாதிரி) நமக்கு இல்லை, முழுச் சம்பளமும் கைக்கு வருவதால் எல்லாமே செலவுக்கு என்று தோன்றிவிடுகிறது.

மாதம் 6,500 என்றால் வருடம் 78,000. உழைப்பு வருமானக் கழிவு 1,000, வருமானம் இல்லாத மனைவிக்கு 2,000, பிள்ளைக்கு 4,000 வீதம் இரண்டு பேருக்கு 8,000. மீதி 67,000. முதல் 40,000-க்கு 550 வெள்ளி, அதற்கு மேலுள்ள 27,000-க்கு 7 சதவீதம், 1,890. மொத்தம் 2,440. மேலே மாதம் 200 எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) போட்டுக்கொண்டால் 12 தவணையாகக் கட்டலாம், வட்டி கிடையாது.

ஊரில் வீட்டுக் கடன் தவணை 38,000 ரூபாய். இங்கிருந்து எப்படி அனுப்புவது? (ஜூரோங்)

வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 585 வெள்ளி. அன்றைய விலை கூட இருந்தாலும் குறைத்தே கணக்குப் போடுங்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர் ஆனதும் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் வரும் வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) ஆக மாற்ற வேண்டும், இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு ஒரு என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்துக்கான கணக்கு) கணக்குத் திறந்துகொள்ளுங்கள், அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டுத் தவணையை அடைக்கலாம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: வெளிநாட்டில் இருப்பவருக்குக் கொடுக்கும் வாடகையில் அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர் 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அதிகம் பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், ஆனால் மாதத் தவணைக்கு அந்தப் பணம் கையில் இருக்காது.

வேலை போய்விட்டால்? இதை மனைவியிடம் பேசவே பயமாக இருக்கிறது. (பொங்கோல்)

இன்று இரவே பேசுங்கள். இத்தனை கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் வரவுசெலவுக் கணக்கு அனுப்பிய ஒருவர்கூட இதற்கென்று ஒரு வரி எழுதவில்லை. உங்கள் அனுமதி அந்த வேலையோடு கட்டியது, மனைவி, பிள்ளைகளின் அனுமதி உங்கள் அனுமதியோடு கட்டியது. வேலை முடிந்து அனுமதியை ரத்து செய்தால் வழக்கமாக 30 நாள் தங்க விடுவார்கள். அதற்குள் வேறு வேலையும் அனுமதியும் வர வேண்டும், இல்லை, வீட்டைக் காலி செய்து, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் வாங்கிக் கிளம்ப வேண்டும்.

அந்த நேரத்தில் கைக்கு வர வேண்டிய பணமும் உடனே வராது. வெளிநாட்டு ஊழியர் விலகும்போது கம்பெனி வரித்துறைக்குத் தெரிவித்து, வரி தீரும் வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது விதி. வாடகை ஒப்பந்தமோ ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வருட ஒப்பந்தங்களில் டிப்ளமாட்டிக் கிளாஸ் என்று ஒன்று எழுதுவார்கள், பெரும்பாலும் 12 மாதம் முடிந்த பிறகு, வேலை போன ஆதாரத்தோடு இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். ஒரு வருட ஒப்பந்தத்தில் பல நேரம் அது இருக்காது. உங்களுடையதை எடுத்துப் பாருங்கள், அடுத்த முறை கையெழுத்துப் போடும்போது கேட்டு எழுதி வாங்குங்கள்.

எவ்வளவு சேர்ப்பது என்றால், மூன்று மாதச் செலவும் நான்கு பேருக்கும் ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டும். உங்கள் செலவுக்குச் சுமார் 18,000 வெள்ளி வரும். ஒரே நாளில் யாராலும் முடியாது, மாதம் 500 வீதம் சேர்த்தால் மூன்று வருடம் ஆகும், போனஸ் வந்தால் முதலில் அதற்குள் போடுங்கள். அது முழுதாகும் வரை காரும் வேண்டாம், ஊரில் மனையும் வேண்டாம். பாதியை இங்கே சம்பளம் வராத தனிக் கணக்கிலும் பாதியை ஊரில் என்ஆர்இ கணக்கிலும் வையுங்கள். இரண்டின் விவரமும் மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும், இங்கே உள்ளதைக் கூட்டுக் கணக்காகவே திறந்துவிடுங்கள்.