வெற்றிக்காக ஜெபிப்பது: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை உக்ரைன் போரை ஆதரிப்பதைக் கண்டித்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். கண்டனம் சரியே. ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. சபை அரசியலுக்குள் போனால் இப்படித்தான் முடியும். எங்கள் சபையில் பிரசங்கபீடத்தில் அரசியல் பேசுவதில்லை, நிம்மதியாக இருக்கிறோம். “எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்” என்று ரோமர் 13 சொன்ன பிறகு வேறென்ன விவாதம்? நாட்டை நேசிப்பதே கிறிஸ்தவனுக்குக் குற்றம் என்பதுபோல நீங்கள் எழுதுவதும் உறுத்துகிறது. அடுத்த மாதம் எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் இதைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் பதில் உதவும்.

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

ரஷ்யாவிலிருந்தே தொடங்குவோம். 2022 மார்ச் 6, போர் தொடங்கிப் பத்து நாள் கழிந்திருந்தது. ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டியில் அது மன்னிப்பின் ஞாயிறு. தவக்காலத்துக்குள் நுழையுமுன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். அன்று மாஸ்கோவில் ரஷ்யத் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை கிரில், நடப்பது அரசியலைவிடப் பெரியது, மனிதனின் மீட்பு சம்பந்தப்பட்டது என்று பிரசங்கித்தார். அதே ஞாயிறன்று கோஸ்ட்ரோமா பகுதியில் கராபனோவோ என்ற கிராமத்து ஆலயத்தில் இயோவான் பூர்தின் என்ற பாதிரியார் போரைக் கண்டித்துப் பேசினார். ராணுவத்தை இழிவுபடுத்தினார் என்று அவர்மேல் வழக்குப் போட்டு 35,000 ரூபிள் அபராதம் விதித்தார்கள்.

இருவரில் அரசியல் பேசியவர் யார்? உங்கள் கணக்கில் இருவரும்தான். இந்த இருவரையும் பிரித்துக்காட்ட முடியாத அளவுகோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் கடிதத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2022 செப்டம்பரில் அரசு ஆட்களைப் படைக்குத் திரட்டத் தொடங்கியது. கடமையாற்றும்போது சாகும் வீரனின் தியாகம் அவனுடைய பாவங்களையெல்லாம் கழுவிவிடும் என்று கிரில் பிரசங்கித்தார். சிலுவைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றுகிறது. கூடவே ‘புனித ரஷ்யா’வுக்கான ஜெபம் ஒன்று வழிபாட்டில் வாசிக்கப்பட வேண்டும் என்றானது. அது கடவுளிடம் வெற்றியைக் கேட்கும் ஜெபம். மாஸ்கோவில் இயோவான் கோவல் என்ற பாதிரியார் ‘வெற்றி’ வரும் இடத்தில் ‘சமாதானம்’ என்று வாசித்தார். 2023இல் அவருடைய குருத்துவத்தைப் பறித்தார்கள். பல ஆண்டுகளாக ஒரே ஆலயத்தில் பணி செய்துவந்த அலெக்ஸி உமின்ஸ்கி அந்த ஜெபத்தை வாசிக்கவே இல்லை. 2024 ஜனவரியில் அவருக்கும் அதே தண்டனை. அவர் கட்சியில் சேரவில்லை, கொடி பிடிக்கவில்லை. ஒரு ஜெபத்தை வாசிக்காமல் விட்டார், அவ்வளவுதான். உங்கள் சபை அனுபவிக்கும் நிம்மதி அவருக்குக் கிடைக்கவில்லை. தேசியம் முற்றும்போது பேசாமல் இருப்பவனிடமும் வந்து ‘சொல்’ என்று நிற்கும்.

ரோமர் 13க்கு வருகிறேன். பவுல் ரோமருக்கான தன் நிருபத்தை 12, 13 என்று அதிகாரங்களாகப் பிரித்து எழுதவில்லை. அந்தப் பிரிவுகள் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவை. எனவே நீங்கள் காட்டும் வசனத்துக்குச் சற்று மேலே போங்கள். “உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு” என்று இருக்கிறது. சற்றுக் கீழே, அன்பு பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாது என்று இருக்கிறது. நடுவிலிருந்து ஒரு வசனத்தை மட்டும் பெயர்த்தெடுத்து அரசாங்கத்தின் கையில் கொடுப்பது நெடுநாள் பழக்கம். ஹிட்லர் காலத்து ஜெர்மன் சபைகளிலும் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியிலும் இதே வசனம்தான் ஓதப்பட்டது.

ஜெர்மனியில் ஒரு பதிலும் எழுந்தது. ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்ற நாஜி ஆதரவு அணி 1933 ஜூலையில் சபைத் தேர்தலில் பெருவெற்றி பெற்றிருந்தது. யூத வம்சாவளியினர் போதகராக இருக்கக் கூடாது, பழைய ஏற்பாடே வேண்டாம் என்றெல்லாம் அதற்குள்ளிருந்து குரல்கள். அதற்கு எதிராக 1934 மே மாத இறுதியில் பார்மன் நகரில் கூடியவர்கள் ஆறு கூற்றுகள் கொண்ட ஓர் அறிக்கையை ஏற்றார்கள். பெரும்பகுதியை எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். ஐந்தாம் கூற்று அரசுக்கு உரியதை மறுக்கவில்லை. நீதியையும் சமாதானத்தையும் காப்பது அரசின் பணி என்கிறது. ஆனால் மனித வாழ்வு முழுவதற்கும் நானே ஒழுங்கு என்று அரசு சொல்லக் கூடாது என்கிறது. தலைப்பு வசனம் பேதுருவுடையது: “தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள்.” ராஜாவுக்குக் கனம் உண்டு, பயம் அவருக்கு உரியதல்ல. ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த பார்த், பான் பல்கலைக்கழக வேலையை இழந்தார்.

ஆனால் பார்மனைக் கொண்டாடும் பலரும் தாண்டிப் போகும் ஓர் இடம் இருக்கிறது. அந்த அறிக்கையில் யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சபையின் சுதந்திரத்தை அது தைரியமாகக் காத்தது. தெருவில் அடி வாங்கியவன் சபைக்கு வெளியே இருந்தான், அவனுக்காக அது பேசவில்லை. அந்தக் குறையைத் தன் குற்றமாகவே பார்த் 1967இல் ஒப்புக்கொண்டார். ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் இதை முன்பே பார்த்திருந்தார். 1933 ஏப்ரலிலேயே, அரசால் நசுக்கப்படுபவர்கள் சபையைச் சேராதவர்களாக இருந்தாலும் அவர்களுக்குச் சபை கடன்பட்டிருக்கிறது என்று எழுதினார். அவரை 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள்.

என் அளவுகோல் இதுதான். சபை அரசியல் பேசியதா என்று நான் கேட்பதில்லை, யாருக்காகப் பேசியது என்றே கேட்கிறேன். நம் ஊர்ச் சபைகளும் ஆலயத்தின்மீது கல் விழுந்தால் ஊர்வலம் போகும். மற்றவன் வீட்டின்மீது விழுந்தால் ரோமர் 13 ஞாபகம் வரும்.

நாட்டை நேசிப்பது பாவம் என்று நான் எங்கும் எழுதியதில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எரேமியா எழுதினார். பகைவனின் பட்டணத்துக்கே அப்படியென்றால் சொந்த ஊருக்குக் கேட்கவா வேண்டும்! தாராளமாகக் கொடியேற்றுங்கள், நாட்டுக்காக ஜெபியுங்கள். அந்த ஜெபத்தில் எல்லைக்கு அப்பால் இருப்பவனும் வர வேண்டும், அவ்வளவே.

வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு யோசனை. உரையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ரோமர் 12, 13 இரண்டையும் இடையில் நிறுத்தாமல் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு பார்மனின் ஆறு கூற்றுகளையும் வாசித்து, இதில் யாருடைய பெயர் விட்டுப்போயிற்று என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அதே கேள்வியை உங்கள் சபையின் ஞாயிறு ஜெபங்களைப் பற்றியும் அவர்களில் யாராவது கேட்கக்கூடும். கேட்டால் தடுக்காதீர்கள்.