நான் போன மேட்ச், போகாத மேட்ச்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் பேரன் பேஸ்பால் பார்க்கப் போனால் பென்சிலும் கையுமாகத்தான் போகிறான். தான் நேரில் பார்த்த ஆட்டங்களுக்கு மட்டும் தனியாக வெற்றி, தோல்வி கணக்கு வைத்திருக்கிறான். டிவியில் பார்த்தது சேராதாம். இது என்ன பைத்தியம்?
– ஒரு தாத்தா, குடியாத்தம்

பதில்: பைத்தியம்தான். எனக்கும் உண்டு.

பேஸ்பாலில் இது பழைய வழக்கம். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் இருக்கிறது. பந்து வீசுகிறவர் 1, கேட்சர் 2. '6-4-3' என்று குறித்து வைத்தால் போதும், பந்து யார் கையிலிருந்து யார் கைக்குப் போய் இரண்டு பேர் அவுட் ஆனார்கள் என்று பத்து வருஷம் கழித்தும் சொல்லிவிடலாம். ஒரு சீசனில் ஒரு டீமுக்கு 162 ஆட்டம், அதில் பாதி சொந்த ஊரில். பேரனின் நோட்டு சீக்கிரம் நிரம்பிவிடும்.

என் நோட்டு இன்னும் பாதிகூட நிரம்பவில்லை. வேலூரிலிருந்து சேப்பாக்கம் போய்ப் பார்த்தது மட்டும்தான் அதில் ஏறும். 1999 ஜனவரி, பாகிஸ்தான் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் சச்சின் 0. புளியோதரைப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தால் ஆள் திரும்பி நடக்கிறார். இரண்டாவதில் 136. ஆக, என் நோட்டில் சச்சினின் சராசரி 68. ஊருக்கெல்லாம் 53.78தான், பாவம். அவர் அவுட் ஆனபோது 17 ரன் வேண்டும், கையில் மூன்று விக்கெட். 12 ரன்னில் தோற்றோம். அதை எழுதிய பேனா அழுத்தம் அடுத்த பக்கத்திலும் தெரிகிறது.

அதைவிடப் பெரிய வலி 1986. ஆஸ்திரேலியா டெஸ்ட், நாலாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. கபில்தேவ் 119 அடித்ததைக் கண்ணாரப் பார்த்தேன். திங்களன்று ஆபீஸ். "இது டிராதான்டா, போய் வேலையைப் பாரு" என்றார் திருவல்லிக்கேணி மாமா. ராத்திரி பஸ் பிடித்து வேலூர் வந்துவிட்டேன். மறுநாள் மேட்ச் டை, இரண்டு டீமுக்கும் ஒரே ரன்! டெஸ்ட் கிரிக்கெட்டில் அதற்கு முன்னால் ஒரே ஒரு முறை, 1960-ல் பிரிஸ்பேனில் நடந்ததாம். நான் அந்த நேரம் லெட்ஜரில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன்.

நோட்டில் அந்த மேட்ச் 'ஆஸ்திரேலியா 170/5' என்பதோடு நிற்கிறது. கீழே நாலு வரி காலி. "யாருக்குத் தெரியப்போகுது, எழுதிக்கோங்களேன்" என்பாள் என் மனைவி. உங்கள் பேரனைக் கேட்டுப் பாருங்கள் ஐயா, அவனும் எழுதமாட்டான்.