கால் விரிந்த குஞ்சு: இன்றைக்கே கட்டிவிடுங்கள்

வணக்கம். இன்குபேட்டரில் நேற்றுப் பொரித்த கோழிக்குஞ்சு, இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து எழவே முடியாமல் கிடக்கிறது என்கிறீர்கள். பெட்டியில் நியூஸ்பேப்பர் விரித்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். வழுவழுப்பில் பிடிமானம் இல்லாமல் சறுக்கிச் சறுக்கிக் கால் விலகிவிடும். அதை எடுத்துவிட்டு, நூல் பிரியாத பழைய துண்டு விரியுங்கள்.

கட்டுவதற்கு முன், முழங்கால் போலத் தெரியும் பின்பக்க மூட்டைத் தடவிப் பாருங்கள். அங்கே வீங்கி, கால் முறுக்கியிருந்தால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) நழுவியிருக்கலாம். கட்டுப்போட்டுப் பயனில்லை, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீக்கம் இல்லையா? மைக்ரோபோர் டேப்பை (காயக்கட்டுக்கு ஒட்டும் காகித டேப்) அரை செ.மீ. அகலத்தில் நறுக்கி, மூட்டுக்கும் பாதத்துக்கும் நடுவே இரண்டு காலையும் எட்டு வடிவில் பிணையுங்கள். நடுவில் இரண்டரை செ.மீ. இடைவெளி, அதாவது குஞ்சு இயல்பாக நிற்கும் அகலம். விரல் வீங்கினாலோ நிறம் மாறினாலோ இறுக்கம் அதிகம், உடனே தளர்த்துங்கள். தினமும் அவிழ்த்து நிற்க வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தேறிவிடும். தள்ளிப்போடாதீர்கள், நாளாக ஆக எலும்பும் மூட்டும் அப்படியே இறுகிவிடும்.

கட்டோடு தடுமாறித் தண்ணீரில் விழுந்தால் எழ முடியாது. தட்டில் கூழாங்கல் நிரப்பி வையுங்கள். மற்ற குஞ்சுகள் மிதிக்காமல் தனியாக, 35 டிகிரி வெப்பத்தில் இருக்கட்டும்.