எண்ணெய் ஏன் திரிகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கடலூர் சிப்காட்டில் பாய்லர் பார்க்கும் வாசகர்: இரண்டு லோடு ஃபர்னஸ் ஆயிலும் தனித்தனியே நன்றாக எரிந்தன. ஒரே டேங்கில் விட்டதும் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. எந்த லோடு மோசம்?

எது மோசம் என்று தேடாதீர்கள், சேர்க்கைதான் ஒத்துப்போகவில்லை. வெல்லப் பாயசமும் நல்லது, பாலும் நல்லது; கொதிக்கும்போது சேர்த்தால் திரிந்துவிடுகிறது அல்லவா? ஆஸ்பால்டீன் என்பது எண்ணெயில் உள்ள கனமான கறுப்புப் பொருள். அதை எண்ணெயில் தாங்கிப் பிடிப்பவை ரெசின் என்ற பிசின் போன்ற பொருளும், அரோமேட்டிக் என்ற வளைய அமைப்புள்ள ஹைட்ரோகார்பன்களும். பாரஃபின் (மெழுகு வகை ஹைட்ரோகார்பன்) மிகுந்த எண்ணெய் வந்து கலந்தால் அந்தப் பிடி தளரும். கறுப்புச் சேறு அடியில் இறங்கும்.

அடுத்த முறை டேங்கில் விடுமுன் சிறு பாட்டிலில் அதே விகிதத்தில் கலந்து சூடாக்குங்கள். வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, 100 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம் வையுங்கள். பழுப்பு ஒரே சீராகப் பரவியிருந்தால் சரி. நடுவில் அடர்ந்த கறுப்பு வட்டம் தெரிந்தால் கலக்கவே வேண்டாம். ஏஎஸ்டிஎம் என்ற தர அமைப்பின் டி4740 முறையும் இந்தச் சொட்டுதான். அதில் 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று விகிதங்களிலும் பாருங்கள், டேங்கில் கலவை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது.

சிதம்பரம் மாணவி: ஆஸ்பால்டீன் சதவீதம் குறைவென்றால் பயமில்லைதானே?

இந்த எண்ணம்தான் பலரைக் கவிழ்க்கிறது. வெனிசுவேலாவின் போஸ்கான் எண்ணெயில் சுமார் 17 சதவீதம். பெரிய தொல்லை இல்லை. அல்ஜீரியாவின் ஹாசி மெசௌத் எண்ணெய் வயலில் 0.15 சதவீதம்கூட இல்லாமலே கிணறுகள் அடைத்தன. அளவைவிடத் தாங்கும் துணைதான் முக்கியம். நிறைவுற்றவை (பாரஃபின் போன்றவை), ஆஸ்பால்டீன் இரண்டையும் கூட்டி, அரோமேட்டிக், ரெசின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். இந்த நான்கும் இதே வரிசையில் 60, 1, 28, 11 சதவீதம் என்றால் 61/39, அதாவது 1.56. பொதுவாக 0.9க்கு மேல் ஆபத்து, 0.7க்குக் கீழ் நிம்மதி. ஆனால் இது முதல் சல்லடைதான். ஆஸ்பால்டீனைக் கரைக்காத ஹெப்டேன் என்ற திரவத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, எந்த அளவில் துகள் தோன்றுகிறது என்று பார்க்காமல் நான் முடிவு சொல்வதில்லை.

அதே மாணவி: ஆஸ்பால்டீனைப் பிரித்து அளக்கப் பென்டேனா, ஹெப்டேனா?

பென்டேனில் அதிகம் வீழ்படியும். எதில் செய்தீர்கள் என்று எழுதாத எண்ணுக்கு மதிப்பில்லை.

புதுச்சேரி வாசகர்: எண்ணெய்க் கிணற்றில் அழுத்தம் குறைந்தால் ஆஸ்பால்டீன் ஏன் படிகிறது?

அழுத்தம் இறங்கும்போது எண்ணெயில் கரைந்துள்ள வாயுப் பகுதி விரிகிறது. கரைக்கும் திறன் குறைகிறது. வாயு குமிழியாகப் பிரியத் தொடங்கும் அழுத்தத்தில்தான் நிலைமை மிக மோசம். அதற்கும் கீழே வாயு வெளியேறிவிடுவதால் எண்ணெய் ஓரளவு தேறிவிடும். அதனால் மேலே டேங்கில் எடுத்த சாம்பிளை மட்டும் வைத்துக் கிணற்றுக்குச் சான்று தராதீர்கள். அழுத்தம் குறையாமல் அடியிலிருந்து எடுத்த சாம்பிள் வேண்டும்.