ஓய்வு பெற்ற போலீஸ்காரரும் அவருடைய மோப்ப நாயும் சேர்ந்து துப்பறியும் காமெடிப் படம் தமிழில் எடுபடுமா?

எடுபடும். ஆனால் தயவுசெய்து துப்பறிய விடாதீர்கள்.

குறும்படத்துக்குக் கதை தேடுகிறீர்கள் போலிருக்கிறது. துப்பறியும் வேலையெல்லாம் வெளிநாட்டில் அரைத்து முடித்த மாவு. 1989இல் மட்டும் ‘கே-9’, ‘டர்னர் அண்ட் ஹூச்’ என்று மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஹாலிவுட் படங்கள். இரண்டிலும் போலீஸ்காரருக்கும் நாய்க்கும் முதலில் ஆகாது, கடைசியில் உயிர் நண்பர்கள். நிஜத்தில் நாய்ப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஆகாமல் போகலாம், நாயோடு ஆகாமல் போகாது. சொல்லும் தகுதி எனக்கு உண்டு. என் அப்பா டாக் ஸ்குவாடில் காலம் தள்ளி, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர்.

அவரைக் கிண்டல் செய்வதற்காக இதை எழுதவில்லை. பின்னூட்டத்தில் யாராவது அப்படி ஆரம்பிப்பீர்கள் என்று தெரியும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நகைச்சுவை எங்கே இருக்கிறது என்றால், நாய் பேசாது, அதற்காக இவர் பேசுவார். இது அவருடைய உத்தியோகமாகவே இருந்தது. 1969இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் மோப்ப நாய் சாட்சியத்தின் மீதுள்ள ஆட்சேபங்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறது. நாய் கூண்டேறிச் சத்தியம் செய்யாது, அதைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அதனால் கூட இருக்கும் மனிதர்தான் நாயின் சாட்சியத்தை வந்து சொல்ல வேண்டும், அது செவிவழிச் செய்தி ஆகிவிடுகிறது. சட்டப் புத்தகத்திலேயே இப்படி ஒரு காட்சி இருக்கும்போது நீங்கள் எதற்குத் தனியாக யோசிக்கிறீர்கள்?

அப்பாவுக்குப் பேப்பர்காரர்கள் மேல் தீராத கோபம். “மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை” என்ற வரியை நீங்களும் படித்திருப்பீர்கள். கொலை, கொள்ளை எதுவானாலும் அந்த வரி மாறாது. “திருடன் அங்கேருந்து பைக்ல ஏறிப் போயிட்டான். நாய் என்ன, ஆட்டோ பிடிச்சா போகும்?” என்று இன்றைக்கும் காபி ஆறும்வரை கத்துவார். நாய் நின்ற இடம்தான் துப்பு, வண்டி ஏறிய இடம் அது என்பது அவர் வாதம். நியாயம்தான்.

ஓய்வுக்குப் பிறகு ஜான்சியும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். லாப்ரடார், வெடிகுண்டுப் பிரிவு. இந்தப் பிரிவு நாய்கள் வெடிமருந்து வாசனை வந்தால் குரைக்காது, சுரண்டாது. சுரண்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சத்தமில்லாமல் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். அதுதான் சிக்னல்.

இப்போது ஜான்சிக்கு வயசாகி இடுப்பு வலி. நினைத்த இடத்தில் உட்காருகிறாள். (மருந்து கொடுக்கிறோம், டாக்டரிடமும் காட்டுகிறோம். விலங்கு ஆர்வலர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) அவள் உட்கார்ந்த நொடியில் அப்பாவின் கை தன்னால் மேலே போகும். “யாரும் கிட்ட வராதீங்க!”

அத்தை ஊரிலிருந்து வந்தபோது அவருடைய பையின் பக்கத்தில் ஜான்சி உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்த ஒவ்வொன்றையும் அத்தையே வெளியே எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. முறுக்கு, மடித்து வைத்த ரவிக்கை, மூட்டுவலித் தைலம். “ஏங்க, அவளுக்கு இடுப்பு வலிங்க” என்று அம்மா கெஞ்சிப் பார்த்தார். வலிக்கு உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்வாள், வாசனைக்கு உட்கார்ந்தால் மூக்கு அந்தப் பொருளை விட்டு நகராது என்று அப்பாவே எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். ஆனால் ரிஸ்க் எடுக்க மாட்டார்.

இங்கே எங்கள் அபார்ட்மெண்ட் செயலாளரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நாயை லிப்டில் ஏற்றக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியவர். இடுப்பு வலிக்கிற நாய் மூன்று மாடி ஏற வேண்டுமாம். அப்படித் தடை போடக் கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அச்செடுத்துக் கொடுத்தேன். “பார்க்கலாம் சார்” என்றார். பராமரிப்புக் காசை மட்டும் அவர் ‘பார்க்கலாம்’ என்று விட்டதே இல்லை. மோட்டார் ரிப்பேரான கதையை எடுத்தால் தனிப் பதிலே எழுதலாம்.

தீபாவளிக்கு முந்தின வாரம், பார்க்கிங்கில் இ.பி. மீட்டர் ரூம் வாசலில் ஜான்சி உட்கார்ந்தாள். அப்பா கையைத் தூக்கினார். யாரும் அசையவில்லை, பழகிவிட்டது. செயலாளரே வந்து, “சார், அது கால் வலிக்கு உக்காந்திருக்கு, விடுங்க சார்” என்றார். அவர் சிரித்த சிரிப்பு எனக்கே சரியாகப் படவில்லை. நான் ஜான்சியைப் பார்த்தேன். சாயவில்லை. மூக்கு கதவின் கீழ் இடுக்கை விட்டு நகரவில்லை.

சாவி வந்தது. உள்ளே சீட்டு போட்டு வாங்கிய பட்டாசுப் பெட்டிகள், மீட்டருக்குக் கீழேயே, கிட்டத்தட்ட இடுப்பு உயரத்துக்கு. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள்; ஜான்சி படித்த பாடம்தான். “பார்க்கிங்கில் பட்டாசு வைக்கக் கூடாது” என்று செயலாளர் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் அதே கதவில் ஒட்டியிருந்தது.

அப்பா சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பழைய டென்னிஸ் பந்தை எடுத்து உருட்டிவிட்டார், வேலை முடித்த நாய்க்கு அதுதான் சம்பளம். ஜான்சி ஓடவில்லை, நடந்து போய் எடுத்து வந்தாள். அன்றைக்கு லிப்டில்தான் மேலே போனோம். செயலாளர் பொத்தான் அமுக்கினார்.

படம் எடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள். அப்பாவிடம் கேட்டுவிட்டேன். அவருக்குச் சம்மதம். ஜான்சிக்கும் சம்மதமாம், அவரே சொல்லிவிட்டார்.