உளுந்து விதையை ஆடிக்குள் வண்டு தின்றுவிடுகிறதா?

கேள்வி: மானூர் பக்கம் மானாவாரியில் உளுந்து போடும் பெண்கள் 12 பேர் சேர்ந்து குழு நடத்துகிறோம். தையில் அறுத்ததைக் கடனை அடைக்க விற்றுவிடுகிறோம். விதைக்கு எடுத்து வைப்பதும் ஆடிக்குள் வண்டு துளைத்து மாவாகிறது. புரட்டாசியில் காசு கொடுத்து விதை வாங்குகிறோம். வீட்டுக்கும் பருப்பு மிஞ்சுவதில்லை. பயிற்சிக்குப் போகலாம் என்றால் முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

பதில்: விதை காப்பதைத்தான். காளான் வளர்ப்பு, மாவு அரைத்து விற்பது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு 8 கிலோ விதை வேண்டும். ஆளுக்கு ஓர் ஏக்கர் என்றாலும் உங்கள் குழுவுக்கு 96 கிலோ. அதைக் கையில் வைத்துக்கொண்டால் புரட்டாசியில் விதைக்கென்று கடன் வாங்க வேண்டியதில்லை.

வண்டு சாக்கில் முளைப்பதில்லை, வயலிலிருந்தே கூட வருகிறது. காய் முற்றும்போதே அதன்மேல் முட்டை வைத்துவிடும். களத்தில் அடித்த உளுந்தில் ஒரு கை அள்ளிச் சுளவில் பரப்பி, வெயிலுக்குச் சாய்த்துப் பாருங்கள். கறுப்புத் தோலில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அதுதான் முட்டை. புழு நேரே பயறுக்குள் குடைந்து போய்விடும். நீங்கள் துளையைப் பார்க்கும்போது வண்டு வெளியே வந்திருக்கும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தலைமுறை என்று பெருகினால், தை முதல் ஆடி வரை சாக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் அறுத்த கையோடு காயவையுங்கள். உச்சிவெயில் விதைக்கு ஆகாது. காலையிலும் மாலையிலும் இரண்டு மூன்று நாள் போதும். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் ‘கடுக்’கென்று உடைய வேண்டும். சூட்டோடு கட்டிவிடாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். நிழலில் ஆறவிட்டு, 100 கிலோவுக்கு 1 கிலோ ஆக்டிவேட்டட் கயோலின் (வண்டைத் தடுக்கும் களிமண் பொடி) என்ற கணக்கில் கலந்து புதுச் சாக்கில் கட்டுங்கள். அந்தச் சாக்குக்குச் சிவப்புக் கயிறு போட்டுவிடுங்கள், யாரும் அவசரத்துக்கு எடுத்து உலையில் போட்டுவிடக் கூடாது.

வீட்டுச் சாப்பாட்டுக்கு வைப்பதை முழுப்பயறாக வைக்காமல் பருப்பாக உடைத்து வையுங்கள். வண்டுக்கு முட்டையிட முழுப்பயறுதான் வசதி.

பயிற்சிக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ‘அட்மா’ (வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தைக் கேளுங்கள். அதன் நிதியில் 30 சதவீதமாவது பெண் விவசாயிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. பெண்கள் உணவுப் பாதுகாப்புக் குழு அமைக்கவும் அதில் இடம் உண்டு. பட்டா கணவர் பெயரில் இருக்கிறதே என்று தயங்காதீர்கள். விதையைக் காயவைத்துக் காப்பது நீங்கள்தானே, கற்க வேண்டியவரும் நீங்கள்தான். குழுவாக மனு எழுதி, தையில் உங்கள் களத்துக்கே வந்து சொல்லித்தரச் சொல்லுங்கள். நகரத்து மண்டபத்தில் படம் காட்டினால் இந்த வேலை கைக்கு வராது.

ஆவணிக் கடைசியில் 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் 75க்கு மேல் முளைத்தால் தைரியமாக விதைக்கலாம். கொஞ்சம் குறைந்தால் ஏக்கருக்கு ஒன்றிரண்டு கிலோ கூட்டிப் போடுங்கள். பாதிகூட முளைக்கவில்லை என்றால் அதை நம்பி மழைக்குக் காத்திராமல் அப்போதே வேறு விதை தேடுங்கள். புரட்டாசிக்கு இன்னும் நாள் இருக்கும்.