பனி சொன்ன சாட்சி

கேள்வி: ஊட்டியில் தையல் கடை நடத்தும் 48 வயதுப் பெண், பங்களாவில் காணாமல் போன நகையைத் துப்பறிவதாகக் கதை எழுதுகிறேன். வலுவான தடயம் கிடைக்கவில்லையே?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உறைபனி இருக்கிறதே! "காலை 6 மணிக்குத்தான் வந்தேன்" என்கிறார் ஒருவர். அவர் காரை எடுத்ததும், அது நின்ற இடத்தில் மட்டும் புல் பச்சையாக இருக்கிறது; சுற்றிலும் வெள்ளை வெளேர். அப்படியானால் கார் ராத்திரியே வந்துவிட்டது. தெளிந்த வானமுள்ள இரவில் புல் தன் சூட்டை வானத்துக்கு இழந்துதான் பனி பிடிக்கிறது. மேலே கார் மறைத்தால் பிடிக்காது.

இன்ஜின் சூட்டில் உருகியிருக்கலாமே என்று வாசகர் மடக்குவார். அதனால் டிக்கிக்குக் கீழேயும் பச்சையாக இருந்ததைக் காட்டிவிடுங்கள். காரை மரத்தடியில் நிறுத்தாதீர்கள், அங்கே எப்படியும் பனி குறைவு. மேகமோ காற்றோ உள்ள இரவும் உதவாது. டிசம்பர், ஜனவரியில், தலைகுந்தா போன்ற பள்ளமான இடமாக வையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில்தான் தேங்கும். வெயில் பட்டதும் பனி கரைந்துவிடும். எனவே உங்கள் நாயகி விடிந்ததுமே அங்கே இருக்க வேண்டும். தைத்த ரவிக்கையைக் கொடுக்க வந்ததாக இருக்கட்டும்.

இந்தக் காட்சியை 2-ஆம் அத்தியாயத்திலேயே, பால்காரர் பேச்சுக்கு நடுவில் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். கடைசியில் புதிதாகச் சொன்னால் வாசகரை ஏமாற்றியதாகிவிடும்.